மண்ணா, புல்லா, டர்ஃபா: ஊர் ஃபுட்பால் கிரவுண்டுக்கு எது சரி?

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்திருந்தார். "அண்ணாச்சி, கிரவுண்டுக்குப் பணம் வரும்போல இருக்கு. ஆனா கமிட்டி மூணாப் பிரிஞ்சு நிக்குது" என்றார். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பையன்களுக்கு டர்ஃப், அதாவது செயற்கைப் புல், வேண்டுமாம். பழைய ஆட்டக்காரர்கள் புல் போடச் சொல்கிறார்கள். பஞ்சாயத்தில் இருப்பவர்களோ, ரெண்டு நாள் ஜேசிபி விட்டு மேடுபள்ளத்தை நிரவினால் போதாதா என்கிறார்கள். இந்த வருஷம் இதே கேள்வியோடு என்னிடம் வந்த மூன்றாவது ஊர் இது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் கிரவுண்டில் நாங்கள் செய்த தப்புகளும் இதில் உண்டு.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஃபிஃபா பரிந்துரைக்கும் ஆடுகள அளவு 105-க்கு 68 மீட்டர். அதாவது 7,140 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சுமார் 76,850 சதுர அடி. சுற்றிலும் மூன்று மீட்டர் ஓரம் விட்டால் இரண்டு ஏக்கர் ஆகிவிடும். இடம் அவ்வளவு இல்லையென்றாலும் பரவாயில்லை, விதிப்படி 90-க்கு 45 மீட்டர் இருந்தாலே பதினொருவர் ஆட்டம் ஆடலாம். ஆனால் அந்த 76,850 என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள். காண்ட்ராக்டர் "சதுர அடிக்கு ஒரு ரூபாய்தான் சார் கூடுது" என்று சொல்லும்போது, அந்த ஒரு ரூபாய் முக்கால் லட்சம்.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உத்தேசமாகச் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் யாராவது நோட்டுப் போட்டு எழுதட்டும். தண்ணீர் எங்கிருந்து வரும், மே மாதத்தில் போர்வெல் என்ன நிலையில் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிரவுண்டில் ஃபுட்பாலைத் தவிர வேறென்ன நடக்கிறது? கிரிக்கெட், கபடி, பொங்கல் விளையாட்டுப் போட்டி, கோயில் கொடைக்குப் பந்தல், கல்யாண வீட்டுக் கார்கள், தேர்தல் நேரத்துக் கூட்டம் என்று இருக்கத்தான் செய்யும். கடைசியாக, பத்து வருஷத்துக்கு அதை யார் பார்த்துக்கொள்வது?

கமிட்டிகள் சண்டை போடுவது முதல் மூன்று கேள்விகளில். கிரவுண்டு வீணாய்ப் போவது இந்தக் கடைசிக் கேள்வியில். தொகுதி மேம்பாட்டு நிதியோ, மக்கள் பங்குப் பணம் கட்டி வாங்கும் நமக்கு நாமே திட்டமோ, எதுவானாலும் பணம் வருவது கட்டுவதற்கு. தினமும் காலையில் வந்து வாய்க்காலைச் சுத்தம் செய்து, கல் பொறுக்கி, கேட்டைப் பூட்டும் ஆளின் சம்பளத்தை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## எதைத் தேர்ந்தாலும் தப்பாத செலவு

முதலில் நிலம். அது யார் பெயரில், என்ன வகையில் இருக்கிறது என்று அ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூட இடமா, மேய்க்கால் புறம்போக்கா, கோயில் நிலமா என்பதைப் பொறுத்து யாரிடம் அனுமதி என்பது மாறும். நீர்நிலைப் புறம்போக்கு என்று வந்துவிட்டால் நிரந்தரமான எதையும் அங்கே போடாதீர்கள். கோர்ட்டுக்கு ஒருவர் போனால் போதும், போட்டதெல்லாம் போச்சு.

அடுத்தது வடிகால். தரை எதுவானாலும், நீளவாக்கில் நடுவே போகும் கோட்டிலிருந்து இரண்டு பக்க ஓரக்கோட்டுக்கும் (டச் லைன்) தண்ணீர் தானாக ஓட வேண்டும். அகலம் 68 மீட்டர் என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 34 மீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்தால் நடுப்பகுதி ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர், ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல், உயர்ந்திருக்கும். மண் தரைக்கு அது சரியான அளவு. புல்லுக்கு அதில் பாதி, முக்கால் போதும். ஆடுகிறவனுக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் இதைச் செய்தது ஒரு கொத்தனார்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நடுவில் ஒருவர், கார்னரில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஐந்து மீட்டருக்கு ஒரு முளையடித்து மட்டம் பார்த்தார். ஒன்றரை நாள் வேலை. அதற்கு முந்தின வருஷம் ஜேசிபி டிரைவர் கண்ணால் பார்த்து நிரவிய தரையில், ஐப்பசி மழைக்கு வடக்குப் பெனால்டி பாக்ஸ் முழுக்கத் தண்ணீர் நின்று தவளை கத்தியது.

## மண் தரை

நம் ஊர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது, இதைத்தான் யாரும் மதிப்பதில்லை. ஒழுங்காகப் போட்ட மண் தரை வேறு, வெறுமனே விட்டுவைத்த பொட்டல் வேறு. ஒழுங்காகப் போடுவதென்றால் பழைய தரையைக் கிளறி, கல் பொறுக்கி, சரிவு பார்த்து, அரையடி கனத்துக்குச் சலித்த செம்மண் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். அரையடி என்பது வாயால் சொல்ல லேசு. முழு மைதானத்துக்கு அது சுமார் 385 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 128 நடை. ரோலர் ஏறியதும் மண் அமுங்கும் என்பதால் இன்னும் கூடுதலாகவே வேண்டும். கனிமவளத் துறை அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாமல் இத்தனை வண்டி ஊருக்குள் வந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பெரிய தப்பு இங்கேதான் நடந்தது. குளத்து வண்டல் சும்மா கிடைக்கிறதே என்று நாற்பது நடை கொட்டினோம். வெயிலில் பார்க்க மெத்தை மாதிரி இருந்தது. முதல் மழைக்கு பூட்ஸில் அரைக் கிலோ சேறு ஒட்டிக்கொண்டது, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. வண்டல் வயலுக்கு நல்லது, கிரவுண்டுக்கு ஆகாது. மறு வருஷம் அதை வாரி வெளியே கொட்டியதற்குத் தனிச் செலவு.

மண் தரையில் மறைந்திருக்கும் செலவு கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தும் பத்துப் பதினைந்து நடை மண்ணும் ஒரு நாள் ரோலரும் வேண்டும். பந்தின் தோல் சீக்கிரம் உரிந்துவிடும். முழங்கால் சிராய்ப்பு தினசரி வரவு. கோல்கீப்பர் டைவ் அடிக்கவே பயப்படுவான். மாவட்டத் தேர்வுக்குப் புல் தரைக்குப் போகும் பையன்களுக்குப் பந்து எழும்பும் விதம் பிடிபடவே ரெண்டு நாள் ஆகிறது. ஆனால் மண்ணில் ஆடினால் ஆட்டக்காரன் வரமாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் கடல்மணல்தான் பிள்ளைகளுக்கு முதல் கிரவுண்டு, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன மைக்கேல் சூசைராஜ் அங்கே இரவிபுத்தன்துறைக்காரர்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடினாலும் மண் தாங்கும். கொடைக்குப் பந்தல்கால் ஊன்றலாம், மறுநாள் குழியை மூடி ஆடலாம். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊருக்கும், ஒரே கிரவுண்டைப் பத்து விதமாகப் பயன்படுத்தும் ஊருக்கும் என் கை இதைத்தான் காட்டும்.

## இயற்கைப் புல்

ஆட்டத்துக்கு இதைவிடச் சுகமான தரை கிடையாது. 2015 மகளிர் உலகக் கோப்பையைக் கனடாவில் செயற்கைப் புல்லில் நடத்தியபோது, முன்னணி வீராங்கனைகள் வழக்கு வரை போனார்கள். புல்லின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

நர்சரிக்காரர்கள் "பெர்முடா" என்று ஒரு பெயர் சொல்லுவார்கள். மலைக்க வேண்டாம், பிள்ளையாருக்கு மாலை கட்டும் நம் அருகம்புல்தான் அது. கலப்பின வகைகள் அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் சேர்த்து உருவாக்கியவை. இலை மெல்லியதாக, அடர்த்தியாக இருக்கும். அவை விதையில் வராது, தண்டாகத்தான் நட வேண்டும். ஊர் கிரவுண்டுக்கு, வெயிலுக்கும் மிதிக்கும் பழகிய சாதாரண அருகே போதும் என்பது என் எண்ணம்.

இனி தண்ணீர்க் கணக்கு. வெயில் காலத்தில் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்தால், 7,140 சதுர மீட்டருக்கு 35,700 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்று லாரி, தினமும். குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் கிரவுண்டுக்கு மோட்டார் ஓடுவதை எத்தனை நாள் பொறுப்பார்கள்? எங்களுக்கு அக்கம்பக்கத்து அக்காமார் பதில் சொன்னார்கள், அதை இங்கே எழுத முடியாது.

நட்ட பிறகு மூன்று மாதம் கேட்டைப் பூட்ட வேண்டும். புல் செத்துப்போவது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தில்தான். "ஒரே ஒரு மேட்ச்" என்று ஆரம்பிப்பார்கள். ஆடு கேட்டைப் பார்த்து நிற்காது. சுற்றி வேலி இல்லையென்றால் நாம் வளர்ப்பது கிரவுண்டு இல்லை, மேய்ச்சல் நிலம். கோரை வந்துவிட்டால் இன்னொரு தலைவலி. மேலே வெட்டினால் அது சாகாது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்கோடு தோண்டி எடுக்கக் கையும் களைக்கொட்டும் வேண்டும்.

அதற்குப் பிறகும், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போட்டு மிதித்தால் கோல் முன்னாலும் நடுவட்டத்திலும் வழுக்கை விழும். தினம் காலையும் மாலையும் மூன்று டீம் பயிற்சி எடுக்கும் ஊருக்கு இது கட்டாது. வெட்டும் மெஷின், உரம், வருஷம் ஒருமுறை மேலே தூவும் மணல், முழுநேர ஆள் ஒருவர் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும்.

கிணறு வற்றாத இடம், மதில் உள்ள இடம், சம்பளத்துக்கு ஆள் போட முடிந்த நிர்வாகம் என்று மூன்றும் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு புல் போடுங்கள். பெரும்பாலும் அது ஒரு கல்லூரியாகவோ பள்ளியாகவோ இருக்கும்.

## செயற்கைப் புல், அதாவது டர்ஃப்

கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே செயற்கைப் புல் ஹாக்கி மைதானத்தைப் பார்த்து வளர்ந்த பையன்கள் தங்களுக்கும் அதுபோல ஒன்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஹாக்கித் தரை வேறு. அது கட்டையான புல், தண்ணீர் தெளித்து ஆடுவது. ஃபுட்பாலுக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரப் புல்லை விரித்து, இடையில் மணலும் ரப்பர் துகளும் நிரப்ப வேண்டும். முழு மைதானத்துக்கு ரப்பர் மட்டுமே நூறு டன் பக்கம் போகும்.

பணம் அதிகம் முழுங்குவதும், கண்ணுக்குத் தெரியாததும் அடித்தளம்தான். கரிசல் பூமியில் இது இன்னும் மோசம். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும் மண்மேல் ஜல்லியைப் பரப்பி டர்ஃப் ஒட்டினால், ரெண்டாம் வருஷமே தரை அலை அலையாகக் கிடக்கும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும். கொட்டேஷனில் இந்த வரி இல்லையென்றால் அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"ஃபிஃபா அப்ரூவ்டு" என்று சொல்லுவார்கள். அந்தச் சான்று கிடைப்பது, விரித்து முடித்த மைதானத்தைச் சோதித்த பிறகு. கடையில் சுருட்டி வைத்த ரோலுக்கு அது கிடையாது. சான்றிலும் முக்கியமாக இரண்டு வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். 'குவாலிட்டி ப்ரோ' பெரிய கிளப் ஆட்டங்களுக்கு, வாரத்துக்கு இருபது மணி நேரம் அளவுக்கு ஆடும் தரைக்கு. ஊருக்கு வேண்டியது, வாரத்துக்கு 40 முதல் 60 மணி நேரம் ஆடலாம் என்கிற சாதாரண 'குவாலிட்டி'. 'ப்ரோ' என்றதும் அதிகப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த 60 மணி நேரமும் நம் வெயிலில் கிடைக்குமா? உச்சி வெயிலில் டர்ஃபின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் குளிரும், அரை மணி நேரத்துக்குள் பழைய சூடு வந்துவிடும். வெறுங்காலோடு வரும் சின்னப் பிள்ளைகள் நிற்கவே முடியாது. ஆக, காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 6.30. ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், வாரத்துக்கு 31 சொச்சம். ஃப்ளட்லைட் இல்லாத டர்ஃப் என்றால் பாதிப் பயன் அங்கேயே போச்சு. லைட் போட்டால் கம்பம், மின் இணைப்பு, மாதாமாதம் பில்.

மாற்றும் செலவுதான் என்னைத் தூங்கவிடாதது. கார்ப்பெட் எட்டு, பத்து வருஷம் வரும். கணக்குக்காக, விரிப்பை மாற்ற சதுர அடிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 38 லட்சத்து 42 ஆயிரம். எட்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 40 ஆயிரம், இன்றிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும். எந்த ஊர்க் கமிட்டி அப்படி எடுத்துவைக்கும்? அதனால் வாடகை வரும். மணிக்கு இவ்வளவு என்று போர்டு மாட்டுவார்கள். வெளியூர்க் கார்கள் வரும், உள்ளூர்ப் பிள்ளை கம்பி வலைக்கு வெளியே நின்று பார்ப்பான். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றமே ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். மாநகராட்சிக்கே பராமரிப்புச் செலவு அந்த யோசனையைக் கொடுத்தது என்றால் பஞ்சாயத்து எம்மாத்திரம்?

கிழிந்த கார்ப்பெட்டை எங்கே போடுவது என்பதற்கும் பதில் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, 2031-க்குப் பிறகு இந்த ரப்பர் துகள்களை நிரப்புப் பொருளாக அங்கே விற்க முடியாது, நுண்பிளாஸ்டிக் என்பதால். நம் ஊரில் அது மழையோடு ஓடையில் போய்ச் சேரும்.

நகரத்தில், வாரம் முழுக்க ராத்திரியும் ஆட ஆள் இருக்கும் இடத்தில், மண்ணுக்கும் புல்லுக்கும் இடமே இல்லாத நெருக்கத்தில் டர்ஃப் சரி. அங்கேகூட, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவச நேரம் எது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

## மூலையில் சின்ன டர்ஃப், மீதி மண்

கமிட்டிச் சண்டையில் யாரும் சொல்லாத வழி இது. பெரிய கிரவுண்டை நல்ல மண் தரையாகவே வைத்துக்கொண்டு, மூலையில் 40-க்கு 25 மீட்டரில் ஐவர் ஆட்டத் திடல் ஒன்று. முழு மைதானத்தில் ஏழில் ஒரு பங்குதான். அடித்தளம், லைட், பிறகு மாற்றும் செலவு எல்லாமே அந்த விகிதத்தில் குறையும். ராத்திரி வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் பெரிய கிரவுண்டுக்கு ஆள் போடலாம். பெண் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் வேலியும் உள்ள இடத்தில் தனி நேரம் ஒதுக்குவதும் சுலபம். பக்கத்தில் கழிப்பறை இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. பையன்கள் சின்னக் கூண்டுக்குள்ளேயே ஆடி, 40 மீட்டர் பாஸ் அடிக்க மறந்துவிடுவார்கள்.

## ஒரே பார்வையில்

| | மண் | புல் | முழு டர்ஃப் | மண் + சின்ன டர்ஃப் |
|---|---|---|---|---|
| வாராந்திர ஆட்டம் | வெளிச்சம் உள்ளவரை | 10 மணி நேரத்துக்குள் | லைட் இல்லாமல் 31, இருந்தால் 40–60 | இரண்டும் சேர்ந்து தாராளம் |
| தண்ணீர் | தூசி அடங்கத் தெளிக்க | கோடையில் தினம் 35,000 லிட்டர் | சூடு தணிக்கக் கொஞ்சம் | கொஞ்சம் |
| பந்தல், கூட்டம், கிரிக்கெட் | எல்லாம் நடக்கும் | கிரிக்கெட் மட்டும், அதுவும் ஓரளவு | கடப்பாரை தொடக் கூடாது | பெரிய கிரவுண்டில் நடக்கும் |
| பின்னால் வரும் பெரிய செலவு | வருஷாவருஷம் மண் | ஆள் சம்பளம் | எட்டாம் வருஷம் கார்ப்பெட் | சின்ன கார்ப்பெட், வருஷ மண் |

## அந்தத் தம்பிக்குச் சொன்னது

அவர்கள் ஊர் கரிசல். போர் ஏப்ரலில் மூச்சு வாங்கும். கொடை, பொங்கல் போட்டி எல்லாம் அங்கேயேதான். வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஆடுகிறார்கள். புல்லும் முழு டர்ஃபும் அங்கேயே அடிபட்டுவிட்டன. வருகிற பணத்தில் முதலில் வாய்க்காலும் வேலியும், அப்புறம் கரிசல்மேல் ஓரடிக்குக் குறையாமல் கிராவல், இரண்டு கோல் போஸ்ட், ஒரு கைப்பம்பு, ஒரு கழிப்பறை. மிச்சம் இருந்தால் மூலையில் சின்ன டர்ஃப். இல்லையென்றால் அதற்கு இடம் மட்டும் விட்டுவையுங்கள் என்றேன்.

"பையன்க ஏமாந்துருவாங்க அண்ணாச்சி" என்றார். ஏமாறத்தான் செய்வார்கள். காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அடுத்த பெரிய மழையன்று அந்தப் பையன்களையே குடையும் ஒரு கட்டு மூங்கில் குச்சியுமாக கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி ஊன்ற வேண்டும்.